முழு இலைத் தேயிலையை எதில் போடுவது? ஃப்ளாஸ்க், மூடிக் கப், டீபாட், கைவான், வீட்டுச் சட்டி: ஓர் ஒப்பீடு

ரங்கூனிலோ மோல்மீனிலோ பர்மிய டீக்கடையில் உட்கார்ந்தால், கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய லபெயேவுக்குத்தான் காசு. மேசைமேல் ஃப்ளாஸ்க்கில் இருக்கும் வெறும் டீ, அதாவது யேநுவேஜான், எவ்வளவு குடித்தாலும் கணக்கில் வராது. அதனாலேயோ என்னவோ, பால் கலக்காத டீ என்றால் வாய் கொப்பளிக்கும் தண்ணீர் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. வீட்டில் டஸ்ட் டீ, அவசரத்துக்கு 3-இன்-1 பாக்கெட். இந்த நிலையில் ஷான் மலையிலிருந்து யாராவது ஒரு பொட்டலம் நல்ல இலை கொண்டுவந்து கொடுத்தால், அடுத்த கேள்வி இதுதான்: இதை எதில் போடுவது?

கேட்க வேண்டிய கேள்விதான். ஒரே இலை ஒரு வீட்டில் தித்திப்பாகவும் இன்னொரு வீட்டில் நாக்கைப் பிடித்து இழுக்கிற மாதிரியும் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பாத்திரம். கையில் இருக்கும் வழிகள் ஐந்து.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: இலையையும் தண்ணீரையும் நினைத்த நேரத்தில் பிரிக்க முடிகிறதா? தேயிலையில் இனிப்பும் குளுமையும் தருகிற தியானின் போன்ற அமினோ அமிலங்கள் சீக்கிரம் இறங்கிவிடும். துவர்ப்பும் கசப்பும் தருகிற கேட்டச்சின்கள் மெதுவாக இறங்கும். சூடு கூடக் கூட அவற்றின் வேகமும் கூடும். ஷான் மலையில் விளைவது பெரிய இலை அசாமிகா வகை. அதில் கேட்டச்சின் அதிகம். அதனால் ஒரு நிமிடம் கூடினாலும் சுவை மாறிவிடும். சரியான நேரத்தில் பிரித்துவிட்டால் அதே இலை அடுத்த தடவைக்கும் சாறு வைத்திருக்கும்.

இரண்டாவது, இலை விரிய இடம். முறுகிச் சுருண்ட காய்ந்த இலை, தண்ணீர் பட்டால் மூன்று நான்கு மடங்கு பருக்கும். இடம் இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் இலை நனையாமலே கிடக்கும்.

மூன்றாவது, சூடு நிற்கிறதா. நான்காவது, எத்தனை பேருக்கு. ஐந்தாவது, வாங்கும்போது தெரியாத செலவு: உடைவது, கழுவுவது, எரிபொருள், வீணாகிற இலை.

## பாத்திரத்துக்கு முன்னால் இலையும் தண்ணீரும்

சந்தையில் இலை இன்னும் வீசைக் கணக்கில்தான். ஒரு வீசை 100 கியாத்தா, ஏறத்தாழ 1.63 கிலோ. முதல் தடவைக்கு 10 கியாத்தா, அதாவது 163 கிராம் போதும். கீழே சொல்லும் அளவுகளில் குடும்ப டீபாட் என்றால் 27 தடவைக்கு வரும். ஒருவர் கைவானில் (சீன மூடிக் கிண்ணம்) போட்டால் 40 அமர்வு. விலை கேட்கும்போது இந்தக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். நல்ல இலை பயந்த அளவுக்கு விலை கூடியது இல்லை என்று தெரியும்.

நாம்சான் பக்கத்துத் தஆங் மக்களின் தோட்டங்களில் சித்திரை பிறப்பதற்கு முன், திங்ஜான் வருவதற்குள் பறிக்கும் முதல் கொழுந்துக்கு ஷுவேபீஊ என்று பெயர். மதிப்பும் விலையும் அதற்குத்தான் அதிகம். மழைக்காலத்து இலை மலிவு, சாறு கொஞ்சம் தட்டை. பழகும் வரை மழைக்காலத்து இலையே போதும்.

வாங்கும் இடத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். ஐந்தாறு இலையைப் பச்சைத்தண்ணீரில் போடுங்கள். நல்ல இலை சில நிமிடம் கழித்துத்தான் சாயம் விடும். போட்ட உடனே மஞ்சளோ பச்சையோ ஓடினால் வாங்க வேண்டாம். 2009-ல் ஆரமைன் ஓ என்ற துணிச்சாயம் கலந்ததற்காக, ஊறவைத்த தேயிலை வகைகள் பலவற்றைச் சுகாதார அமைச்சகம் தடைசெய்தது. அது சாப்பிடுகிற லபெட்டில் நடந்தது. காய்ந்த இலை வாங்குகிறவர்களுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

தண்ணீர் விஷயத்தில் ரங்கூன்காரர்கள் கவனிக்க வேண்டியது இரும்பு. குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் டீ மைபோல் கறுக்கும், நாக்கில் ஆணி ருசி தட்டும். ஷான் மேட்டுநிலம் சுண்ணாம்புக்கல் பூமி. அங்கே தண்ணீர் கடினமாக இருக்கும்; டீ மேல் பளபளவென்று ஓர் ஆடை படரும், கப்பில் பழுப்பு வளையம் ஒட்டும். இரண்டுக்கும் கேன் தண்ணீரே தீர்வு. தண்ணீரை மாற்றாமல் பாத்திரத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கொதிநிலையும் ஊருக்கு ஊர் மாறும். ரங்கூனில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் தாஞ்சியில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பச்சை இலைக்கு (கிரீன் டீ) ஆறவைக்கும் நேரம் குறைவு. கறுப்பு இலையை (பிளாக் டீ) அரை நிமிடம் கூடுதலாக ஊறவிட வேண்டும்.

## 1. ஃப்ளாஸ்க்: ஊருக்கெல்லாம் தெரிந்த வழி

ஒரு பிடி இலையை ஃப்ளாஸ்க்கில் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடி வைத்தால் முடிந்தது. ஆள் வந்துகொண்டே இருக்கும் வீட்டுக்கும் கோவில் வேலை நடக்கும் நாளுக்கும் இதைவிட எளிது இல்லை.

ஆனால் முதல் அளவுகோலில் இது தோற்றுவிடுகிறது. இலை உள்ளேயே கிடக்கிறது, சூடும் இறங்குவதில்லை. முதல் கால் மணி நேரம் நன்றாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் கேட்டச்சின் முழுக்க இறங்கி, பச்சை நிறம் பழுத்துச் சிவந்து, மணம் போய்விடும். டீக்கடைகளில் இது தாங்குவதற்குக் காரணம் அவர்கள் போடும் இலையின் அளவு மிகக் குறைவு என்பதுதான். பலர் இலையை வெறும் சட்டியில் வறுத்தும் போடுவார்கள்; வறுத்தால் துவர்ப்பு தணியும். அந்த வழியில் போனால் 2 லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் வேண்டாம்.

மறைந்த செலவு இரண்டு. கண்ணாடி உறை, பச்சைத்தண்ணீரில் கழுவிய கையோடு கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும். தக்கையிலும் கழுத்திலும் இலைச் சக்கை ஒட்டி இரண்டு நாளில் புளித்த வாடை வரும். கழுத்து குறுகலாக இருப்பதால் கை உள்ளே போகாது. ஒரு கைப்பிடி அரிசியும் வெந்நீரும் போட்டுக் குலுக்குவதுதான் வழி.

எங்கள் தீர்ப்பு: ஃப்ளாஸ்க்கை வைத்துக்கொள்ளுங்கள், இலையை அதில் போடாதீர்கள். வெறும் வெந்நீர் நிரப்பிவையுங்கள். மின்வெட்டு நேரத்தில் கெட்டிலை நம்ப முடியாத ஊரில் இதன் அருமை தெரியும். மின்சாரம் இருக்கும்போது கொதிக்கவைத்து நிரப்பினால், நல்ல ஃப்ளாஸ்க்கில் நாலைந்து மணி நேரம் கழித்தும் தண்ணீர் 80 டிகிரிக்கு மேலேயே இருக்கும். பச்சை இலைக்கு வேண்டிய சூடு அதுதான். தெர்மாமீட்டரும் வேண்டாம், ஆறவைக்கக் காத்திருக்கவும் வேண்டாம். கறுப்பு இலைக்கு மட்டும் அந்தத் தண்ணீர் போதாது. அதைக் கொதித்த கையோடு போட வேண்டும்.

## 2. மூடிக் கப், அல்லது வெறும் கண்ணாடித் தம்ளர்

300 மில்லி கப்பில் 2 கிராம் இலை, அதாவது ஒரு டீஸ்பூன் குவித்து. 80 டிகிரித் தண்ணீர் ஊற்றி மூடி, இலை அடியில் அமரும் வரை மூன்று நிமிடம். மேலிருந்து குடித்துக்கொண்டே வந்து, மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போது மறுபடி ஊற்றவும். மொத்தமாகக் குடித்துத் தீர்த்துவிட்டு ஊற்றினால் அடுத்த கப் தண்ணீராக இருக்கும். மிஞ்சிய டீதான் அடுத்ததற்கு உறை.

அலுவலக மேசைக்கும் கடை கல்லாவுக்கும் இது சரியான வழி. கழுவுவதற்கும் ஒரே சாமான். ஆனால் இலை நீரிலேயே கிடப்பதால் அளவில் கொஞ்சம் கை இறுக்கம் வேண்டும். 4 கிராம் போட்டால் ஷான் இலை பத்து நிமிடத்தில் கடுத்துவிடும். இன்னொன்று, முழு இலை மட்டுமே போடலாம். நொறுங்கிய இலை அடியில் அமராது, பல்லிலும் உதட்டிலும் ஒட்டும்.

தடித்த அச்சுக் கண்ணாடித் தம்ளர்தான் மெல்லியதைவிடச் சீக்கிரம் விரிசல் விடும். உள்பக்கம் சூடேறி விரிய, வெளிப்பக்கம் குளிர்ந்தே இருப்பதால். முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

## 3. வடிகூடை உள்ள டீபாட்

குடும்பத்துக்கு இதுதான். 500 மில்லி டீபாட்டில் 6 கிராம் இலை. பச்சைக்கு 80–85 டிகிரியில் 2 நிமிடம், கறுப்புக்குக் கொதிநீரில் 3 நிமிடம். நேரம் வந்ததும் கூடையைத் தூக்கி ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும். அதுதான் இந்தப் பாத்திரத்தின் முழு உபயோகமும். கூடையை உள்ளேயே விட்டுவிட்டு “டீபாட் டீயும் கசக்கிறது” என்று சொல்கிறவர்கள் நிறைய. இரண்டாம் தடவைக்கு அதே இலையில் ஒரு நிமிடம் கூட்டிப் போடலாம். மூன்றாவதில் சாறு மெலிந்துவிடும்.

வாங்கும்போது மூடியைக் கழற்றி இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கூடை பாட்டின் அடிவரை இறங்குகிறதா? அகலமாக இருக்கிறதா? விலை மலிவான பாட்களில் கூடை பாதி ஆழத்தோடு நின்றுவிடும். ஒரு லிட்டர் டீபாட்டில் இரண்டு பேருக்கு மட்டும் போட்டால் தண்ணீர் இலையைத் தொடாது. அரை மணி நேரம் வைத்தாலும் சாயம் இறங்காது. நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு லிட்டர் பாட்டைவிட 500 மில்லி டீபாட்டில் இரண்டு தடவை போடுவது மேல். இரண்டாம் தடவை வரும் சுவை வேறு, அதையும் எல்லாரும் ருசிக்கலாம்.

சங்கிலியில் தொங்கும் முட்டை வடிவ வடிகட்டியை இதற்குப் பதிலாக வாங்க வேண்டாம். அதற்குள் இலை விரிய இடமே இல்லை. டஸ்ட் டீக்குத்தான் ஏதோ ஆகும், அதிலும் ஓட்டை வழியே தூள் கசியும்.

மறைந்த செலவு மூக்கு. பீங்கான் பாட்டின் மூக்கு நுனியில் ஒரு சில்லு பெயர்ந்தால் அன்றிலிருந்து மேசைவிரிப்பில் சொட்டிக்கொண்டே இருக்கும். மூடி உடைந்தால் தனியாகக் கிடைக்காது.

## 4. கைவான்: மூடிக் கிண்ணம்

தட்டு, கிண்ணம், மூடி என்று மூன்றே துண்டு. ரங்கூனில் லாதா பக்கத்துச் சீனத் தெருக்களில் தேடிப் பார்க்கலாம். 100 முதல் 120 மில்லி கொள்ளுவதாக, வெள்ளைப் பீங்கானில், விளிம்பு கொஞ்சம் வெளியே விரிந்ததாகப் பார்த்து வாங்குங்கள். விளிம்பு நேராக நிற்கும் கிண்ணம் விரலைச் சுடும்.

முழு இலையின் ருசியை முழுசாக அறிய வேண்டும் என்றால் இதற்கு நிகர் இல்லை. இலையும் நீரும் பிரிவது உங்கள் மணிக்கட்டில் இருக்கிறது. 15 நொடி என்றால் 15 நொடிதான்.

செய்முறை இப்படி. வெந்நீர் ஊற்றிக் கிண்ணத்தைச் சூடாக்கிக் கொட்டவும். 4 கிராம் இலை போட்டு மூடி, ஒரு தடவை மெல்லக் குலுக்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காய்ந்த இலையில் தெரியாத புகை மணமும் வறுத்த பயறு வாசமும் சூட்டில் வெளியே வரும். ஃப்ளாஸ்க் வெந்நீரை விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை ஊற்றி, உடனே கொட்டிவிடவும். விறகடுப்பில் காய்ந்த இலையின் புகையும் தூசும் இதில் போகும். இப்படிக் கொட்டினால் கஃபீன் போய்விடும் என்று சொல்வார்கள். சில நொடியில் அதில் சிறு பங்குதான் இறங்கும், அந்த நம்பிக்கையில் ராத்திரி குடிக்க வேண்டாம். பிறகு முதல் ஊற்று 20 நொடி. மூடியைச் சற்றுச் சாய்த்து இடுக்கு விட்டு, ஒரு சிறு ஜாடியில் கடைசிச் சொட்டு வரை வடிக்கவும். அடுத்தடுத்து ஐந்து, பத்து நொடி கூட்டிக்கொண்டே போகலாம். பச்சை இலை நாலைந்து ஊற்று தாங்கும். கறுப்பு இலையும், இரண்டுக்கும் நடுவிலான ஊலாங்கும் அதற்கு மேலும் போகும்.

முதல் ஊற்றில் மணம் முந்தும், இரண்டிலும் மூன்றிலும் இனிப்பு நிற்கும், அதன் பிறகு மெல்லிய துவர்ப்பு மட்டும். முடிந்ததும் ஓர் இலையை எடுத்துத் தட்டில் விரித்துப் பாருங்கள். ஒரே காம்பில் இரண்டு இலையும் ஒரு மொட்டும், விளிம்பில் ரம்பம் போல் பற்கள், பெரிய இலை விரல் நீளம் வரும். வாங்கியது முழு இலைதானா என்பதற்குக் கடைக்காரர் சொல்வதைவிட இது நல்ல சாட்சி. துண்டு துண்டாகவும் தடித்த காம்பாகவும் வந்தால் அடுத்த தடவை கடையை மாற்றுங்கள்.

குறை என்ன? விரல் சுடும். பெரும்பாலும் விளிம்பு வரை ஊற்றுவதால்தான். பொறுமை வேண்டும், காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் இது நடக்காது. இரண்டு பேருக்கு மேல் போனால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத செலவு இன்னொன்று: ஒரு தடவைக்கு 4 கிராம் என்பது கப் வழியைவிட இரண்டு மடங்கு இலை. ஐந்து ஊற்றும் குடித்தால் அந்தக் கணக்கு சரியாகிவிடும். இரண்டு ஊற்றோடு எழுந்து போகிறவருக்குக் கைவான் இலையைத் தின்னும்.

## 5. வீட்டுச் சட்டியும் வடிகட்டியும்

ஒரு காசும் செலவில்லாத வழி. 500 மில்லி தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, 6 கிராம் இலை போட்டு மூடி, மூன்று நிமிடம் கழித்து வடித்துவிடவும். அடுப்பை அணைக்காமல் இலையைக் கொதிக்கவிட்டால் முழு இலை வாங்கியதே வீண். பச்சை இலை என்றால் அடுப்பை அணைத்து, ஒரு தம்ளரில் ஊற்றி மறுபடி சட்டியில் ஊற்றி, இரண்டு ஆற்று ஆற்றிவிட்டுப் போட வேண்டும். ஒவ்வொரு ஆற்றுக்கும் ஏழெட்டு டிகிரியாவது இறங்கும்.

சிக்கல் வாசனையில். இஞ்சி டீயும் ஏலக்காய்ப் பாலும் காய்ந்த சட்டி, வருஷக்கணக்காகப் பால் வடித்த வடிகட்டி: இரண்டிலும் பழைய மணம் ஒட்டியிருக்கும். டஸ்ட் டீயில் அது தெரியாது. முழு இலையில் முதல் வாயிலேயே தெரியும். இதற்கென்று ஒரு சிறிய எவர்சில்வர் சட்டியும் புது வடிகட்டியும் ஒதுக்கி வைத்தால் போதும்.

பால் டீ பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் முழு இலை வாங்கியதும் பலர் முதலில் செய்வது அதுதான். பாலும் சீனியும் தாங்கும் கடுப்பு, தூளாக நறுக்கிய இலையில்தான் சட்டென்று வரும்; தண்ணீர் படும் பரப்பு அதில் பல மடங்கு அதிகம். முழு இலையில் அந்தக் கடுப்பு வர இலையை இரட்டிப்பாக்கிக் கொதிக்கவைக்க வேண்டும். அப்போது மணமும் போய், காசும் போகும். பால் டீக்கு டஸ்ட் டீயே சரி. இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## அட்டவணை

| | இலை : தண்ணீர் | நேரம் | எத்தனை ஊற்று | பிரிப்பது | பேர் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|---|---|
| ஃப்ளாஸ்க் | 4 கிராம் : 2 லிட்டர் | முடிவில்லை | 1 | முடியாது | கூட்டம் | கண்ணாடி உறை, வாடை |
| மூடிக் கப் | 2 கிராம் : 300 மில்லி | 3 நிமிடம் | 2–3 | முடியாது | 1 | இலை கூடினால் கடுப்பு |
| டீபாட் | 6 கிராம் : 500 மில்லி | 2–3 நிமிடம் | 2 | எளிது | 2–4 | கூடை ஆழம், மூக்கு |
| கைவான் | 4 கிராம் : 100 மில்லி | 20 நொடி முதல் | 4–5 | மிக எளிது | 1–2 | சூடு, நேரம் |
| சட்டி | 6 கிராம் : 500 மில்லி | 3 நிமிடம் | 1 | வடித்தால் சரி | 2–4 | பழைய மணம் |

## எந்த வீட்டுக்கு எது

இதுவரை முழு இலையே போட்டதில்லை, பிடிக்குமா என்றும் தெரியாது: சட்டியில் ஆரம்பியுங்கள். இருப்பதை வைத்து ஒரு வாரம் குடித்துப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

தனியாகக் குடிக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது: கைவான், தயங்க வேண்டாம். கை சுடும் பயம் இருந்தால் 100 மில்லிக் கிண்ணமாக, விளிம்பு நன்றாக விரிந்ததாக வாங்குங்கள்.

வேலையிடம்: மூடிக் கப்.

அப்பா, அம்மா, பாட்டி எல்லாரும் ஒன்றாகக் குடிக்கும் வீடு: 500 மில்லி டீபாட். பெரியவர்களுக்குக் கசப்பு பிடிக்கும் என்று இலையைக் கூட்டாதீர்கள். நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், செலவு ஏறாது. வயிறு எரிகிறவர்களுக்கும் தூக்கம் வராதவர்களுக்கும் இரண்டாவது ஊற்றைக் கொடுங்கள், கஃபீனில் ஒரு நல்ல பங்கு முதல் ஊற்றிலேயே போயிருக்கும். சோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைத் தேயிலை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணி நேரம் விட்டுக் குடிக்கலாம்.

விசேஷ வீடு, வருவோர் போவோர் கணக்கில்லை: டீபாட்டில் போட்டு, வடித்த டீயை மட்டும் ஃப்ளாஸ்க்கில் ஊற்றிவையுங்கள். இலை கூட வராததால் இரண்டு மணி நேரம் வரை மோசமாகாது. கறுப்பு இலை இதற்குப் பச்சையைவிட நன்றாகத் தாங்கும்.

எந்த வழியில் போனாலும் வைகாசிக்குப் பிறகு இலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலக் காற்றில் பிளாஸ்டிக் பையில் வைத்த ஒரு மாதத்திலேயே இலை துவண்டு, மணம் மங்கி, பூஞ்சை பிடிக்கும். மூடி இறுக்கமான தகர டப்பாவில், மசாலா அலமாரியிலிருந்து தள்ளி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இலைமேல் ஈரம் கோக்கும். ஒடித்துப் பார்த்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால், வெறும் சட்டியில் மிகச் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டி, ஆறியதும் டப்பாவில் அடையுங்கள். பூஞ்சை கண்ணில் பட்டால் மட்டும் கொட்டிவிட வேண்டும், வறுத்தும் அது சரியாகாது.